கணினிச் சித்தரின் குளிர்ச்சித் தகடு

சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டம் நின்றால் உள்ளே கல்யாணம் நடக்கும், இல்லாவிட்டால் ஜவுளித் தள்ளுபடி நடக்கும். அன்றைக்கு இரண்டும் நடக்கவில்லை. ஆனாலும் வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ் போகிற ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. நின்றவர்கள் இடுப்பில் ஆளுக்கொரு கணினிப் பெட்டி. கைப்பிள்ளையைத் தூக்கிவந்த தாய்மாரைப் போல் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் பெட்டிக்குத் துண்டு போர்த்தியிருந்தார்கள். காற்று பட்டுவிடக் கூடாதாம்! மடிக்கணினிக்காரர்களுக்குத் தனி வரிசை. கிரைண்டரோடு வந்த ஒருவரை மட்டும், "அடுத்த முகாமுக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். சித்தருக்கும் ஒரு தொழில் தர்மம் இருக்கிறது.

வாசலில் பேனர். அதில் ஒரு விசைப்பலகையின் மேல் பத்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தார் கணினிச் சித்தர் உஷ்ணஹரானந்தா சுவாமிகள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். உற்றுப் பார்த்தால், கணினி யோசிக்கும்போது திரையில் சுற்றுமே, அந்த வட்டம். கீழே கொட்டை எழுத்தில்: "உங்கள் கம்ப்யூட்டர் சூடாகிறதா? அது கோளாறு அல்ல, கோள் ஆற்றும் வேலை!"

கைலாசத்தில் பல வருடம் தவமிருந்து, சிலிக்கானுக்கு நாடி பிடிக்கக் கற்று வந்தவர் சுவாமிகள் என்று துண்டுப் பிரசுரம் சொன்னது. பிரசுரம் அச்சானது கைலாசத்தில் இல்லை, அடுத்த தெருவில். சுவாமிகளைக் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் உண்டு. அடித்தால் முதலில் சங்கு ஊதும். பிறகு ஒரு பெண் குரல், "உஷ்ண தோஷத்துக்கு எண் ஒன்றை அழுத்தவும். வைரஸ் திருஷ்டிக்கு எண் இரண்டை அழுத்தவும். சுவாமிகளுடன் நேரில் பேச, நவக்கிரகங்களை நினைத்து எண் ஒன்பதை அழுத்தவும்" என்று சொல்லும்.

இந்த ஒன்பதை அழுத்தியவர்களில் ஒருவர்தான் சங்கிலிமுத்து. காலண்டர் அச்சகம் வைத்திருப்பவர். ஊர் உலகத்துக்கு ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் அச்சடித்துக் கொடுக்கிற மனிதர். அவர் காலண்டரைப் பார்த்துத்தான் மதுரையில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள். அந்தக் காலண்டரின் ராசிபலன் எப்படித் தயாராகிறது என்று அவருக்கே தெரியும். ஜோசியர் எழுதிக் கொடுத்தது பக்கத்துக்குப் போதவில்லை என்றால், போன வருடம் மேஷத்துக்குப் போட்ட லாபத்தை இந்த வருடம் ரிஷபத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நெற்றி நிறைய விபூதி பூசி, ராகு காலம் கழித்துத்தான் கடையைத் திறப்பார். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை.

அவர் அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து காலண்டரை வடிவமைப்பவள் பாண்டிச்செல்வி. அவள் அம்மா கருப்பம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் (ஊரில் தொழிற்சாலைக்கு அப்படித்தான் பெயர்) வேலை பார்ப்பவர். 'என் மகளாவது தீக்குச்சி மருந்து வாடை படாமல் உட்காரட்டும்' என்று கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்துவிட்டார். அந்த நாற்காலி போனால் பாண்டிச்செல்வியும் விடிகாலையில் பட்டாசு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான்.

தொந்தரவு ஆரம்பித்தது காலண்டர் சீசன் சூடு பிடித்த நேரத்தில். கணினியும் கூடச் சேர்ந்து சூடு பிடித்தது. ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் மின்விசிறி ஊளையிடும், பெட்டி கொதிக்கும், பொட்டென்று அணைந்துவிடும். போட்ட வேலை போச்சு. ஆர்டர்கள் குவிந்து கிடந்தன.

சங்கிலிமுத்து முதலில் நியாயமான காரியத்தைத்தான் செய்தார். கணினியை விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். வெகுநேரம் வீணை வாசித்தார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தாள்.

"சார், பெட்டியோட பக்கத்துல சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும். காத்து போற வழி. அதை ஏதாவது அடைச்சிட்டிருக்கான்னு பாருங்க."

சங்கிலிமுத்து குனிந்து பார்த்தார். "அதெல்லாம் ஒரு அடைப்பும் இல்லம்மா. சாமி படம் மட்டுந்தான் இருக்கு."

இதில் அவர் பொய் சொல்லவே இல்லை. காலண்டர் அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. சீசனின் முதல் சாமி படத்தை விற்க மாட்டார்கள். தடித்த அட்டையில் ஒட்டி, சந்தனம் வைத்து, இயந்திரத்தின் மேலேயே பதித்துவிடுவார்கள். அச்சு இயந்திரம் பத்தாள் கனத்துக்கு நிற்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. இந்த வருடம் சங்கிலிமுத்து, கணினியும் இயந்திரம்தானே, அதை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்று யோசித்துவிட்டார். ஆறுமுகப் பெருமானை அதன் பக்கவாட்டில் அழுத்தி ஒட்டினார். ஆறு முகமும் பன்னிரண்டு கையும் மயிலும் சேர்ந்து அத்தனை ஓட்டைகளையும் மூடிக்கொண்டன. சங்கிலிமுத்துவின் அகராதியில் அடைப்பு என்றால் அழுக்கு. சாமி எப்படி அடைப்பாக முடியும்?

பாண்டிச்செல்வி சொல்லிப் பார்த்தாள். "மொதலாளி, அந்தப் படத்தை எடுத்துச் சுவத்துல மாட்டிருவோமா?"

"என்னத்தா பேசுத? ஒட்டுன சாமியைப் பிய்க்கச் சொல்லுதியே!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒன்பதாம் எண் அழுத்தப்பட்டது.

சுவாமிகள் காரில் வந்து இறங்கினார். காவி வேட்டி, காதில் ஒயர் இல்லாத ஒலிக்கருவி, கழுத்தில் உருத்திராட்சத்தோடு சேர்த்துக் கோத்த மின்சுற்றுத் துண்டுகள். இடுப்பில் ஒரு துப்பாக்கி. பயப்பட வேண்டாம், சுடாத துப்பாக்கி. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அதற்கு அண்ணன். இரும்பு, அடுப்பு எதை நோக்கி நீட்டினாலும் எவ்வளவு சூடு என்று எண்ணில் காட்டும்.

சுவாமிகள் பேசுவதும் நம்மைப் போல் இல்லை. "யந்திரத்தின் மூலாதாரத்திலே அக்னி உக்கிரம் கொண்டு நிற்கின்றது" என்றார். துப்பாக்கியைப் பெட்டியின் கறுப்பு முதுகில் நீட்டினார். ஐம்பத்தாறு டிகிரி. கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்தார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதைப் பெட்டியில் ஒட்டி, கண்ணை மூடி, "ஓம் கூல் கூல் சாந்தி ஸ்வாஹா" என்று முணுமுணுத்துவிட்டு, தகட்டின் மேல் துப்பாக்கியை நீட்டினார். முப்பத்து நான்கு!

அச்சு இயந்திரம் ஓட்டுகிற பாலகுரு தடாலென்று காலில் விழுந்தான். சங்கிலிமுத்து இடம் போதாமல் பாதியாக விழுந்தார்.

"இது மூடநம்பிக்கை அன்று. விஞ்ஞானம். கருவி பொய் சொல்லாது" என்றார் சுவாமிகள். பிறகு சிகிச்சை சொன்னார். பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் சக்தி பறந்துவிடும். காலையும் மாலையும் பெட்டியின் முகத்துக்கு நேரே ஒரு பிடி விபூதியை ஊத வேண்டும்.

ஊதினார்கள். பெட்டிக்குள் இருந்த விசிறி அதைப் பக்தியோடு உள்ளே இழுத்துக்கொண்டது. முன்பு ஒரு பக்கம் முடியும்போது அணைந்த கணினி, இப்போது ஒரு பக்கம் ஆரம்பிக்கும்போதே அணைந்தது. சிவகாசி பூராவும் இதே கதைதான். தகடு வாங்கியவர்களின் பெட்டிகள் எல்லாம் முன்னைவிடச் சூடாகின. அதனால் எல்லாரும் சுவாமிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மருந்தே வியாதியாக இருந்தால் வைத்தியருக்குக் குறைவேது?

இரண்டாம் முறை வந்த சுவாமிகள் பெட்டியைப் பார்க்கவில்லை. பாண்டிச்செல்வியைப் பார்த்தார்.

"குழந்தாய், உன் ஜன்ம நட்சத்திரம் யாது?"

"கார்த்திகை."

சுவாமிகள் இரண்டடி பின்வாங்கினார். "அக்னியை அதிதேவதையாகக் கொண்ட நட்சத்திரம்! இவள் விரல் படும் யந்திரம் எரியாமல் என்ன செய்யும்? இவளை அகற்றி, மகா சாந்தி செய்தால் ஒழிய விமோசனம் இல்லை."

பாண்டிச்செல்விக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கோபத்தை முன்னால் விட்டாள்.

"எங்க அம்மாவும் கார்த்திகைதான், சாமி. எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா தீப்பெட்டி ஆபீஸ்லதான் வேலை பாக்காக. இதுவரைக்கும் ஒரு குச்சிகூட அவுக கை பட்டுத் தானா எரியல. இந்தப் பெட்டி மட்டும் எப்படி எரியும்?"

பதில் சொல்ல முடியாத கேள்விக்குச் சுவாமிகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

சங்கிலிமுத்து நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் பயந்தால்தான் ஆபத்து. "ஒன் மேல கோவம் இல்லத்தா. சாந்தி முடியட்டும். அதுக்கப்புறம் வேற ஆளு பாத்துக்கிடுதேன். நீ பட்டாசு கம்பெனியில சொல்லி வச்சுக்கோ" என்றார்.

எல்லாரும் போன பிறகு பாண்டிச்செல்வி அந்தத் தகட்டை முறைத்துப் பார்த்தாள். பெட்டி இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. சுவாமிகள் கிளம்பும்போதுகூடத் தகட்டைத் துப்பாக்கியால் சுட்டுக் காட்டி முப்பத்து நான்கு என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்து நான்கு என்றால் மனுஷ உடம்பின் சூடுகூட இல்லை. தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். சுட்டது.

அப்படியானால் ஒன்று, அவள் கை பொய் சொல்கிறது. இல்லையென்றால் துப்பாக்கி பொய் சொல்கிறது. கறுப்புப் பெட்டியில் ஒழுங்காகச் சூடு காட்டிய துப்பாக்கி, பளபளத் தகட்டில் மட்டும் ஏன் குளிர்ச்சி காட்டுகிறது? காரணம் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தகடு பளபளப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று பட்டது.

அச்சகத்துக்கு எதிரே நாகூர் கனியின் டீக்கடை. மனிதர் யாரிடமும் பேச அஞ்சாதவர், பித்தளை பாய்லரைப் புளி போட்டுத் தேய்ப்பதில் பிடிவாதக்காரர். கடைக்குத் தகடு வேண்டுமா என்று கேட்ட சுவாமிகளின் ஆளிடம், "நாம சூட்டை வித்துப் பொழைக்கிறவம்லே. குளிர்ந்து போனா கடைய மூடணும்" என்று அனுப்பிவைத்தவர். பாண்டிச்செல்வி அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"மாமா, நான் நெனக்கிறது தப்பாக்கூட இருக்கலாம். தப்பாப் போச்சுன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்த்தா. டீ குடிச்சிக்கிட்டே சிரிப்பானுக, யாவாரம்தானே!"

மகா சாந்தி நாள் வந்தது. தகடு வாங்கியவர்கள் எல்லாரும் தங்கள் பெட்டிகளோடு அச்சக வாசலில் கூடிவிட்டார்கள். பொதுவாக ஒரு சாந்தி நடந்தால் பக்கத்தில் நிற்கிற பெட்டிக்கும் கொஞ்சம் தெறிக்கும் என்று கணக்கு. சுவாமிகள் வந்து இறங்கியதும் பாண்டிச்செல்வி முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சாமி, நான் போறதுக்கு முன்னால ஒரு சந்தேகம். இந்தத் துப்பாக்கி பொய் சொல்லாதுல்ல?"

"கருவி பொய் சொல்லாது, குழந்தாய். விஞ்ஞானம்."

"அப்ப அதை வச்சு அந்த பாய்லரை ஒரு தடவை பாருங்களேன்."

தெருவே திரும்பி டீக்கடையைப் பார்த்தது. பித்தளை பாய்லர் வெயிலில் தகதகத்தது. வாய் வழியாக ஆவி சீறிக்கொண்டிருந்தது. சுவாமிகளின் முகத்தில் முதல் முறையாக ஒரு உஷ்ணம் தெரிந்தது. "டீக்கடைக்கெல்லாம்..." என்று இழுத்தார். அதற்குள் பக்தியின் வேகத்தில் பாலகுரு துப்பாக்கியை வாங்கி பாய்லரை நோக்கி நீட்டிவிட்டான். எண்ணை உரக்கப் படித்தான்.

"முப்பத்தெட்டு!"

பாண்டிச்செல்வி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். கூட்டம் வாயைப் பிளந்தது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் மக்களை நீங்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது.

"அடேயப்பா!" என்று ஒரு குரல் எழுந்தது. "சாமி பார்வை பட்டே பாய்லர் குளிர்ந்து போச்சுடோய்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு அம்மாள் பாய்லரை நோக்கிக் கும்பிட்டார். சுவாமிகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருந்திருக்கலாம். அது பேசியது.

"ஆம். நம் திருஷ்டி தவறி அப்பக்கம் விழுந்துவிட்டது. கொதிப்பு அடங்கிற்று."

நாகூர் கனி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "அடங்கிருச்சா? ரொம்ப சந்தோசம், சாமி. அப்ப அந்தக் கையை எடுத்து இந்த பாய்லர் மேல வைங்க. குளுகுளுன்னு இருக்கும்."

"நாம்... பித்தளை தீண்டுவதில்லை. விரதம்."

"போன தடவ வந்தப்ப ஏங்கடையில பித்தளை லோட்டாவுலதான டீ வாங்கிக் குடிச்சீக?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பயந்து, பாதியில் நின்றது. பாலகுருவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. தன் சாமியை ஒரு டீக்கடைக்காரர் மடக்குவதா? "சாமி எதுக்குத் தொடணும்? சாமி வாக்கு பொய்க்காது, நான் தொடுதேன்!" என்று கையை விரித்துக்கொண்டு பாய்லரை நோக்கி ஓடினான்.

அவன் உள்ளங்கைக்கும் பாய்லருக்கும் ஒரு சாண் இருக்கும்போது, சுவாமிகள் காவி வேட்டி தடுக்கப் பாய்ந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே! தொடாதலே! கை வெந்து போகும்லே, கூறுகெட்டவனே!"

கைலாசத்துத் தமிழ் காணாமல் போய், நம்மூர்த் தமிழ் நடுத்தெருவில் நின்றது. பாலகுரு தன் கையையும் சுவாமிகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப... குளிரலையா?"

"தண்ணி கொதிக்கிற பாத்திரம் எப்படிலே குளிரும்?" என்றார் சுவாமிகள். சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நாகூர் கனி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருலே. எந்த ஊரு?"

"வெம்பக்கோட்டைப் பக்கம், அண்ணாச்சி."

"பேரு?"

"ஹரிஷ்குமார்."

விஷயம் இவ்வளவுதான். நன்றாகத் தேய்த்த உலோகம் கண்ணாடி மாதிரி. நம் முகத்தைத் திருப்பிக் காட்டுவது போல், எதிரே இருக்கிறவற்றின் சூட்டையும் திருப்பிக் காட்டும். துப்பாக்கி தகட்டின் சூட்டைப் பார்க்கவில்லை. எதிரே வாயைப் பிளந்து நின்ற நம்முடைய சூட்டைத்தான் பார்த்தது. கையை வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கும்பிடுவதற்காகக் குவிந்திருந்த கையை யாரும் பிரிக்கவில்லை.

பாண்டிச்செல்வி சங்கிலிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "மொதலாளி, இப்பச் சொல்லுங்க. எம்மேல சூடா, பெட்டியில சூடா?"

சங்கிலிமுத்து தலையைச் சொறிந்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது. "போயி ஒன் எடத்துல உக்காருத்தா" என்றார்.

"சும்மா உக்கார மாட்டேன். அந்தப் படத்தைச் சுவத்துல மாட்டுங்க. பெட்டியைத் திறக்கணும். அப்பத்தான் உக்காருவேன்."

அவர் தயங்கினார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆறுமுகனைத் தம் கையாலேயே பெயர்த்து எடுத்தார். இடி விழவில்லை. "சாமிக்கும் காத்து வேணும்ல, அண்ணாச்சி" என்றார் நாகூர் கனி. பெட்டியைத் திறந்தால் உள்ளே விசிறி விபூதிக் கிண்ணமாகக் கிடந்தது.

ஹரிஷ்குமாரை அடிக்க நாலு பேர் வந்தார்கள். நாகூர் கனி தடுத்தார். "அடிச்சு என்ன பிரயோசனம்? தகடு ஒட்டுன பெட்டி பூராத்தையும் இவனே தொடச்சுக் குடுத்துட்டுப் போகட்டும். தெரியுமாலே ஒனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி. ரிப்பேர் கடைதான் வச்சிருந்தேன்" என்றான் அவன். தலையைக் குனிந்துகொண்டு ஒரு தூரிகையையும் ஊதும் கருவியையும் காரிலிருந்து எடுத்து வந்தான். "அப்பல்லாம் தூசியைத் தொடச்சு, ஊதிக் குடுப்பேன். பெட்டி நல்லா ஓடும். 'ஊதுறதுக்கா காசு கேக்க?'ன்னு வைஞ்சிட்டுப் போவாக. ஒரு நாளு வெளையாட்டா மந்திரம் சொல்லிக்கிட்டே ஊதுனேன். கால்ல விழுந்து காசு குடுத்தாக. அப்புறம் எதுக்கு ஊதணும்னு அதை விட்டுட்டேன். மந்திரம் மட்டும் போதும்னு ஆயிருச்சு."

அவனை அடிக்க வந்த நாலு பேரும் எதையோ தேடுவது போல் தரையைப் பார்த்தார்கள்.

அன்று மாலைவரை அச்சக வாசலில் புழுதி பறந்தது. பாண்டிச்செல்வியின் கணினி முதலில் தயாரானது. அவள் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முடிந்தது, இரண்டாம் பக்கம் முடிந்தது, பெட்டி முனகக்கூட இல்லை. அவள் சத்தமாகவே சிரித்தாள். வேலைக்கு ஆள் தேடும் பேச்சைச் சங்கிலிமுத்து மறுபடி எடுக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக வந்த பெரியவர் பெட்டியை ஹரிஷ்குமாரின் முன்னால் வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து, அவன் காதோரமாகச் சொன்னார்.

"தம்பி, நல்லா ஊதுங்க. ஊதும்போது அந்த மந்திரத்தையும் லேசாச் சொல்லிருங்க. எதுக்கும் இருக்கட்டும்."

அவருக்கு என்ன பதில் சொல்ல? கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வது உங்கள் இஷ்டம், மக்களே. காசெடுக்கப் பையில் கை விடும்போதாவது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்!